நாலு பேர்

(குளுவாங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் வீடுகளில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது புழங்கும் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். "நாலு பேர் என்ன சொல்வாங்க?" பெண்பிள்ளை கொஞ்சம் நேரங்கழித்து வீட்டுக்கு வந்தால் நாலு பேர். மகன் வேலையை விட்டுவிட்டால் நாலு பேர். பந்தியில் ஒரு கறி குறைந்தால் நாலு பேர். புத்தி சொல்லும்போதும் அவர்களைத்தான் கூப்பிடுகிறோம்: "நாலு பேர் மதிக்கிற மாதிரி நடந்துக்கோ." கடைசியில் நம்மைத் தூக்கிக்கொண்டு போகவும் நாலு பேர் வேண்டும். இவ்வளவு அதிகாரம் உள்ள அந்த நாலு பேர் யார்? எந்த வீட்டில் இருக்கிறார்கள்? உண்மையிலேயே அவர்கள் நம்மிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள்? இந்தக் கேள்வி என்னைப் பல வருடமாகத் தொந்தரவு செய்கிறது.

முதலில் அவர்களுடைய பலத்தைப் பார்ப்போம். சாலமன் ஆஷ் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1950களின் தொடக்கத்தில் ஒரு சோதனை செய்தார். கல்லூரி இளைஞர்கள் ஏழெட்டுப் பேரை ஓர் அறையில் உட்கார வைத்தார். ஓர் அட்டையில் ஒரு கோடு. இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். முதல் கோட்டுக்குச் சமமான நீளம் உள்ளது எது என்று ஒவ்வொருவராக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பார்த்தவுடனே தெரிந்துவிடும், சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் அந்த அறையில் ஒரே ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் ஆஷோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டவர்கள். அவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தவறான கோட்டைச் சொன்னார்கள். விஷயம் தெரியாத அந்த ஒருவருடைய முறை கடைசியில் வரும். அவர் கண்ணைக் கசக்கிக்கொள்வார், நெளிவார், அட்டையை மறுபடி பார்ப்பார். அப்புறம், ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை, மற்றவர்கள் சொன்ன தவறான கோட்டையே அவரும் சொன்னார். இப்படிச் சோதிக்கப்பட்டவர்களில் நாலில் மூன்று பேர் ஒரு தடவையாவது வழுக்கினார்கள்.

அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. எதிரில் எத்தனை பேர் இருந்தால் மனிதன் வளைகிறான் என்று ஆஷ் மாற்றி மாற்றிப் பார்த்தார். எதிரில் ஒருவர் மட்டும் தவறாகச் சொன்னால் ஏறக்குறைய யாரும் அசையவில்லை. இரண்டு பேர் சொன்னால் நூற்றுக்குப் பதினாலு தடவை தவறு வந்தது. மூன்று பேர் என்றால் முப்பத்திரண்டு. நாலு பேர் என்றால் முப்பத்தைந்து. அதற்கு மேல் பத்துப் பேர், பதினைந்து பேர் என்று கூட்டிக்கொண்டே போனாலும் பெரிதாக ஏறவில்லை. நம் பாட்டிமார் பத்துப் பேர் என்றும் சொல்லவில்லை, ஆயிரம் பேர் என்றும் சொல்லவில்லை. நாலு பேர் என்றார்கள். வாழ்ந்து பார்த்துத் தெரிந்துகொண்ட எண் அது என்று நான் நம்புகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது இந்தக் குளுவாங் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். அங்கே நாலு பேருக்குப் பெயர் இருந்தது. லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகளில் இடப்பக்கத்து வீடு, வலப்பக்கத்து வீடு, எதிர் லயம், பொதுக்குழாயடி. சுவர் பலகைதான், இந்தப் பக்கம் பேசுவது அந்தப் பக்கம் கேட்கும். யார் வீட்டில் மீன் பொரிகிறது, யார் வீட்டில் அடி விழுகிறது, யார் பிள்ளை பாடத்தைச் சத்தமாகப் படிக்கிறது, எல்லாம் எல்லாருக்கும் தெரியும். இந்த அமைப்பு தற்செயலாக வந்ததும் அல்ல. கங்காணி தன் சொந்த ஊரிலிருந்தும் உறவிலிருந்தும்தான் ஆள் கூட்டி வந்தார். இந்திய அரசு 1938இல் அந்த வழியை மூடும்வரை அப்படித்தான் நடந்தது. அவருடைய ஆட்கள் எத்தனை பேர் வேலைக்கு வருகிறார்களோ, அந்தத் தலைக்கு இவ்வளவு என்று அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. விடியும் முன்னே பிரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போது ஒருவர் குறைந்தாலும் கங்காணிக்கு நட்டம். அதனால் கதவைத் தட்ட அவரே வந்தார். மாமன், மச்சான், ஊர்க்காரன் என்ற பாசத்தையே வேலை வாங்கும் கயிறாக்கிக் கட்டினார்கள். அந்தக் கயிறு எங்கள் தாத்தாக்களின் கையை அறுத்தது. அதை நான் மறைக்க மாட்டேன்.

ஆனால் அதே கயிற்றைப் பிடித்துத்தான் எங்கள் அம்மாக்கள் ஏறினார்கள். கூட்டு பிடித்ததைச் சொல்கிறேன். என் அம்மா கூட்டுத் தலை. பன்னிரண்டு பெண்கள், மாதம் ஆளுக்கு இருபது வெள்ளி. சம்பளம் போட்ட அன்று சாயங்காலம் எங்கள் வாசலில் பாய் விரியும். பெயர் எழுதிய சீட்டுகளை மைலோ டின்னில் போட்டுக் குலுக்கி, இருப்பதிலேயே சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். பேர் வந்தவருக்கு இருநூற்று நாற்பது வெள்ளி. என் அக்காவின் தோடு, எங்கள் முதல் மிதிவண்டி, என் ஆறாம் ஆண்டுப் பரீட்சைக் காலத்தில் வாங்கிய மேசை விளக்கு, எல்லாம் அந்த டின்னிலிருந்து வந்தவை. கையெழுத்து கிடையாது, பத்திரம் கிடையாது. பணம் எடுத்தவர் மறு மாதத்திலிருந்து கட்டாமல் போனால் அம்மா யாரிடம் போய் முறையிட முடியும்? ஆனாலும் கட்டினார்கள். மறுநாள் காலை குழாயடியில் மற்ற பதினோரு பேர் முகத்திலும் விழிக்க வேண்டுமே.

ஒரு மாதம் பின் லயத்து அக்கா ஒருவரால் கட்ட முடியவில்லை. வீட்டுக்காரருக்குக் காலில் வெட்டு, மூன்று வாரம் வேலையில்லை. பிரட்டுக்கு முன்னே, இருட்டோடு இருட்டாக, கழுத்தில் கிடந்த மெல்லிய சங்கிலியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு எங்கள் பின்வாசலில் நின்றார். "இதை வச்சுக்கிட்டுக் குடுத்திடுங்கக்கா, நாளைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது." அம்மா அந்த முடிச்சை அவிழ்க்கவே விடவில்லை. அன்றைக்கு வெட்டுக் காட்டில் ஐந்தாறு பேர் பேசி ஆளுக்கு மூன்று, நான்கு வெள்ளி போட்டார்கள். அந்த அக்கா பயந்த நாலு பேரும் அவரைத் தாங்கிய நாலு பேரும் ஒரே ஆட்கள்.

1971இல் நாட்டில் கூட்டு நிதித் தடைச் சட்டம் வந்தது. ஆங்கிலத்தில் எழுதிய அந்தச் சட்டத்தின் தலைப்பிலேயே 'கூட்டு' என்ற நம் சொல் அப்படியே ஏறியிருக்கிறது. முகம் தெரியாத ஆட்களைச் சேர்த்து இதையே தொழிலாக நடத்தினால் தலை காசோடு போய்விடலாம். குழாயடி இல்லாத இடத்தில் கூட்டு நிற்காது. அதனால் அந்தச் சட்டத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது.

இனி, கள்ளுக்கடை. என் அப்பா தனியாகக் குடித்து நான் பார்த்ததே இல்லை. அவரோடு நிரை பிடித்துப் பால் வெட்டியவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து போவார்கள், சேர்ந்து வருவார்கள். ஒருவர் வாங்கிக் கொடுத்தால் அடுத்தவர் வாங்கிக் கொடுக்க வேண்டும். முதலில் எழுந்து வீட்டுக்குப் போகிறவனுக்கு மானம் போய்விடும். "ஏன் இப்படிக் குடிக்கிறீங்க?" என்று அம்மா அழுவார். அவரிடம் பதில் இருக்காது. ஆனால் தைப்பூசத்துக்குக் காவடி நேர்ந்துகொண்ட வருடங்களில் ஒரு மண்டலம் முழுக்க ஒரு சொட்டுத் தொடமாட்டார். நடுக்கமும் இல்லை, வேதனையும் இல்லை. ஏன் தெரியுமா? அந்த நாட்களில் அதே கூட்டாளிகள்தான் அவருக்குக் காவல். கடைப்பக்கம் அவர் நிழல் விழுந்தாலே, "விரதம் இருக்கிற ஆளு, நீ ஏம்ப்பா இங்க வர்றே?" என்று திருப்பி அனுப்புவார்கள். காவடி இறக்கிய மறு வாரம் அவர்களே வந்து கூப்பிடுவார்கள். அப்பாவின் மனவுறுதி தையில் வலுத்து மாசியில் தளர்ந்ததாகத்தான் சின்ன வயதில் நினைத்தேன். மாறியது அவர் மனம் அல்ல. அவருக்குக் கிடைத்த அனுமதி.

இதைப் பெரிய அளவில் புரிந்துகொண்டு செயல்பட்டவர்கள் வடக்கே கெடாவில் இருந்தார்கள். போர் முடிந்த பிறகு, 1946, 1947 காலம். பீடோங் பக்கத்து ஹார்வார்ட் தோட்டத்தை மையமாக வைத்து ஏ.எம். சாமி என்பவர் தலைமையில் தொண்டர் படை உருவானது. அதில் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் அணிவகுப்புப் பழகித் திரும்பியவர்கள். கொஞ்சம் முன்னே போய்ப் பார்த்தால்தான் இது புரியும். 1943இல் நேதாஜி மலாயாவுக்கு வந்து பேசிய கூட்டங்களில் பெண்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். கோலாலம்பூரில் பதினெட்டு வயதில் தன் காதணிகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர்தான் பின்னாளில் நாம் அறிந்த ஜானகி ஆதி நாகப்பன். அவரைப்போல் வசதியான வீட்டுப் பிள்ளைகளும் தோட்டத்து ஆட்களும் ஒரே வரிசையில் நின்றார்கள். துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்கி ஒதுங்கி நின்று பழகிய ஆள், பக்கத்தில் நிற்பவனோடு தோளோடு தோள் நடந்து பார்த்துவிட்டான். திரும்பி வந்தபோது லயம் அதே லயம்தான், ஆனால் அவனுடைய நாலு பேர் மாறிவிட்டார்கள்.

தொண்டர் படை முதலில் கைவைத்தது கள்ளுக்கடையில். ஏனென்றால் கூலி போகிற வழி அது. கடை இருந்தது தோட்டத்துக்குள்ளேயே, அரசாங்க உரிமத்தோடு. 'குடிக்காதே' என்று அவர்கள் வீடு வீடாகப் போய்ச் சொன்னதோடு நிறுத்தவில்லை. கடை வாசலில் கூட்டமாக நின்றார்கள். குடிக்க வருகிறவன் தன் மைத்துனனையும் தன் நிரைக்காரனையும் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். குடித்துவிட்டு வந்தவரை எல்லார் முன்னிலையிலும் நிறுத்தித் தண்டித்ததும் உண்டு. அந்தத் தண்டனைகளை நான் ஏற்கவில்லை. ஒரு மனிதனை ஊர் கூடி அவமானப்படுத்துவது எந்த நல்ல நோக்கத்துக்காக என்றாலும் எனக்கு நெஞ்சு உறுத்தும். ஆனால் மறியல் வேலை செய்தது. 1947 தொடக்கத்தில் காவல்துறையோடு மோதல்கள் நடந்தன, உயிர்கள் போயின, தொழிலாளர் பலர் சிறைக்குப் போனார்கள், படையும் ஒடுக்கப்பட்டது. குடியை விடச் சொன்னதற்கா இவ்வளவு அடக்குமுறை என்று கேட்பீர்கள். கள்ளுக்கடை வாசலில் ஒன்றாக நிற்கத் தெரிந்தவர்கள் நாளைக்குக் கூலி கேட்டும் ஒன்றாக நிற்பார்கள். அது துரைமாருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இதே பலம் பிறகு அமைதியான வழியிலும் வந்தது. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் குடும்பங்கள் தெருவுக்கு வந்த காலத்தில், 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டச் சொன்னார். மறு வருடமே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைத் தொழிலாளர் காசிலேயே வாங்கினார்கள். என் பெரியப்பா அதில் சேர்ந்ததற்குச் சொன்ன காரணம் ஒன்றே ஒன்றுதான்: "பக்கத்து வீட்டுக்காரன் சேர்ந்துட்டான்."

இப்போது லயங்கள் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பல இடங்களில் செம்பனையும் போய்த் தாமான் வந்தது. நம் பிள்ளைகள் ஸ்கூடாயிலும் மாசாயிலும் பாசிர் கூடாங்கிலும் அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறார்கள். விடியற்காலை நாலு மணிக்கு ஒரு மோட்டார் சைக்கிள் கிளம்பும், அடுத்து இன்னொன்று, அடுத்து ஐந்தாறு. பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். ஒரே மாடியில் பத்து வருடம் இருந்தும் ஒருவர் பேர் ஒருவருக்குத் தெரியாது. இரும்புக் கதவு, அதற்குள் மரக் கதவு. நாலு பேர் என்ற அந்த நிஜமான ஆட்கள் கலைந்து போனார்கள். ஆனால் பயம் கலையவில்லை. அது இப்போது ஆள் இல்லாமலே தனியாக வாழ்கிறது.

என் உறவினர் ஒருவர், லோரி ஓட்டுநர், மகள் கல்யாணத்துக்கு மண்டபம் எடுத்தார். ஆயிரம் பேருக்குச் சாப்பாடு, மேடை அலங்காரம், வீடியோ எடுக்க இரண்டு குழு. சேமிப்பு போதவில்லை. வட்டி முதலையிடம் போனார். கடனைக் கட்ட முடியாமல் போக, ஒன்றரை வருடம் கழித்து அவன் ஆட்கள் வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம் அடித்துவிட்டுப் போனார்கள். அந்தக் கதவைச் சுரண்டிக் கழுவ நானும் போயிருந்தேன். அங்கே சம்பந்தியும் வந்திருந்தார். வாளித் தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னார்: "கோவில்ல தாலி கட்டி, ஒரு நேரம் சாப்பாடு போட்டாப் போதும்னுதான் நாங்க நெனச்சோம் மச்சான். நீங்கதான் மண்டபம் வேணும்னு ஆசைப்படுறீங்கன்னு நெனச்சு ஒத்துக்கிட்டோம்." என் உறவினர் பிரஷைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நீங்க எதிர்பார்ப்பீங்கன்னுதானே சம்பந்தி நான் எடுத்தேன்." இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் வேண்டாத ஒன்றுக்காக இரண்டு வீட்டுக்காரர்களும் தலையாட்டியிருக்கிறார்கள். மண்டபம் கேட்ட நாலு பேர் எங்குமே இல்லை.

டெபோரா பிரென்டிஸ், டேல் மில்லர் என்ற இருவர் 1993இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவரிடையே இதைத்தான் கண்டார்கள். வளாகத்தில் நடக்கும் குடி மாணவர் பலருக்கு உள்ளூர உறுத்தலாக இருந்தது. ஆனால் ஒவ்வொருவரும், தனக்குத்தான் உறுத்துகிறது, மற்றவர்களுக்கு இது சாதாரணம் என்று நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்கள். எல்லாரும் வாய் மூடியதால் எல்லாருக்கும் அது சம்மதம் போலத் தெரிந்தது. சிவப்புச் சாயம் வடிந்த அந்தக் கதவடியில் நான் பார்த்ததும் அதே நோய்.

நம் பையன்களைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சை முடிக்க எனக்கு மனம் வராது. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. உறுப்பினர்கள் நாற்பதாயிரத்துக்கும் மேல், அதில் பெரும்பகுதி நம்மவர்கள். அன்று இரவு நான் தூங்கவில்லை. நான் ஆசிரியராக இருந்த காலத்தில் அப்படிப் போன பிள்ளைகள் சிலரை எனக்குத் தெரியும். ஒரு பையனாவது 'கும்பலில் சேர்கிறேன்' என்று போனதில்லை. பள்ளி முடிந்து தனியாக நின்றவனை நாலு பேர் மாமாக் கடையில் உட்கார வைத்து ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தார்கள். பேர் கேட்டார்கள். 'தம்பி' என்றார்கள். அடி வாங்கினால் கூட வந்து நின்றார்கள். அப்பா லோரியில், அம்மா தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட்டில், மாடியில் யாருக்கும் அவன் பேர் தெரியாது. அவனுக்கு முதல்முதலாகக் கிடைத்த நாலு பேர் அவர்கள். கும்பலின் எண் போட்ட சட்டையெல்லாம் பிறகுதான் வந்தது. திருக்குறளில் சிற்றினம் சேராமை என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, அதற்கு முந்தின அதிகாரம் பெரியாரைத் துணைக்கோடல். வள்ளுவர் வைத்த அந்த வரிசையை நாம் தலைகீழாக்கிவிட்டோம். நல்ல துணையைக் கொடுக்காமலே கெட்ட துணையை விடச் சொல்கிறோம். அந்தப் பையன் எங்கே போவான்?

மறுபடி ஆஷிடம் வருகிறேன். அந்த அறையில் இன்னொரு மாற்றமும் செய்து பார்த்தார். தவறாகச் சொல்லும் கூட்டத்தில் ஒரே ஒருவரை மட்டும் சரியாகச் சொல்ல வைத்தார். அவ்வளவுதான். சோதிக்கப்பட்டவர் வழுக்கியது நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. பக்கத்தில் ஒரு குரல் இருந்தால் போதும், மனிதன் தன் கண்ணை நம்பிவிடுகிறான்.

மாசாயில் ஓர் அடுக்குமாடியில் அதை நான் நேரில் பார்த்தேன். 'தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு' என்ற பதாகை வருடா வருடம் கட்டுகிறோம், நல்லதுதான். ஆனால் அந்தக் கட்டடத்தில் மூன்று வருடம் ஒரு பிள்ளைகூடத் தமிழ்ப்பள்ளிக்குப் போகவில்லை. தூரம், வேன் இல்லை என்றார்கள். மூன்று பிள்ளைகளாவது இருந்தால்தான் வேன்காரர் வருவார், வேன் வந்தால்தான் பிள்ளைகளை அனுப்புவார்கள். நாலாம் மாடியில் ஒரு தாய், தொழிற்சாலையில் வேலை செய்கிறவர், மூன்று பிள்ளைகளுக்கான வேன் காசைத் தன் கையிலிருந்தே இரண்டு மாதம் கட்டினார். மஞ்சள் வேன் தினமும் காலை ஆறு மணிக்குக் கீழே வந்து நின்று ஒரே ஒரு பிள்ளையை ஏற்றிக்கொண்டு போனது. பால்கனியில் துணி காயப்போடும் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். மூன்றாம் மாதம் மேல்மாடிக்காரர் இறங்கி வந்து, "ஆயா, நம்ம பையனுக்கும் இடம் இருக்குமா?" என்று அந்தப் பிள்ளையின் பாட்டியிடம் கேட்டார். இந்த ஜனவரியில் அந்த வேனில் ஒன்பது பிள்ளைகள்.

இங்கே நான் நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் இறைச்சித் தட்டுப்பாடு. ஈரல், இதயம், சிறுநீரகம் போன்றவற்றைக் குடும்பங்கள் சாப்பிடப் பழக வேண்டும் என்று அரசாங்கம் நினைத்தது. கர்ட் லெவின் என்ற அறிஞர் இல்லத்தரசிகளை இரண்டு வகையாகப் பிரித்தார். சில குழுக்களுக்கு நல்ல பேச்சாளரைக் கொண்டு சொற்பொழிவு, சத்து விவரம், சமையல் குறிப்பு எல்லாம் கொடுத்தார். மற்றக் குழுக்களில் அந்தப் பெண்களையே பேச விட்டு, கடைசியில் யார் செய்து பார்க்கப் போகிறீர்கள் என்று கை தூக்கச் சொன்னார். பிறகு விசாரித்தபோது, சொற்பொழிவு கேட்டவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் சமைத்திருந்தார்கள். தங்களுக்குள் பேசியவர்களில் நூற்றுக்கு முப்பத்திரண்டு பேர்.

எனக்கு ஒதுக்கிய நேரத்தில் இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது. அதை உங்களிடமே கொடுக்கிறேன். நாற்காலிகளைத் திருப்பி ஆறு ஆறு பேராக உட்காருங்கள், குடும்பத்தோடு வந்தவர்கள் வேறு வேறு வட்டத்தில். தேநீர் அங்கேயே வரும். கேள்வி ஒன்றுதான்: உங்கள் வீட்டில் கடைசியாக நடந்த விசேஷத்தில், உங்களுக்கு வேண்டாம் என்று பட்டும் மற்றவருக்காகச் செய்தது எது? ஒவ்வொருவரும் ஒன்று சொல்ல வேண்டும். பின்வரிசையில் இருக்கும் தம்பி தங்கைகள் முதலில் தொடங்கட்டும். நாம் பெரியவர்கள் முந்திக்கொண்டு பேசிவிட்டால், நாம் சொன்ன கோட்டைத்தான் அவர்களும் சொல்வார்கள்.